பட்டியலில் இல்லாத சுரைக்காய்

முருகனுக்கே கோபம் தணிந்த ஊர் என்று திருத்தணியைச் சொல்வார்கள். நான் இந்த ஊரில் பிறந்து, இந்த மலையைப் பார்த்துக்கொண்டே அறுபது வயதைத் தாண்டிவிட்டேன். எனக்கு மட்டும் இன்னும் தணிந்தபாடில்லை. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடிப்பவன், குடித்துவிட்டு ஏறிப் பாட்டுப் பாடுபவன், பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுப்பவன் என்று எத்தனையோ பேரை விசில் அடித்து நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறேன். கனகம்மாசத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரம் உண்டு. நான் அங்கே இறக்கிவிட்டவர்களை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்தால் ஒரு கல்யாணப் பந்தி நிறைந்துவிடும் என்று என் மனைவி சொல்வாள்.

அவள் என் மாமன் மகள். பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்னை 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் அவளுடைய ரகசியம்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியவில்லை. மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் தக்காளியும் கத்தரியும் வைத்தேன். செடி வளர்ப்பவர்களுக்காக வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் தொடங்கினேன். நானும் நாலைந்து பேருமாக ஆரம்பித்தது, ஒருவர் மூலம் ஒருவராக நூற்றுச் சொச்சம் பேர் ஆனது. பள்ளிப்பட்டிலிருந்து கடலூர் வரை ஆட்கள். விட்ட வேலை திரும்பக் கிடைத்த மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு சட்டம் போட்டேன். ஒன்று, செடியைத் தவிர வேறு பேச்சு கூடாது. காலை வணக்கம், சாமி படம், கட்சிச் சண்டை எதுவும் கூடாது. இரண்டு, யாரும் பெயர் சொல்லக் கூடாது. பெயர் சொன்னால் ஊர் கேட்பார்கள், ஊர் சொன்னால் தெரு கேட்பார்கள், தெருவைச் சொன்னபிறகு பேசுகிற தொனியே மாறிவிடும். பஸ்ஸில் நான் பார்க்காததா? அதனால் அவரவர் நன்றாக வளர்க்கும் செடியே அவரவர் பெயர். பாகற்காய், ரோஜா, கறிவேப்பிலை, தக்காளி. நான் மட்டும் அட்மின்.

சுரைக்காய் என்று ஒரு அம்மா சேர்ந்தார். பழவேற்காடு பக்கம் கடலோரக் குப்பம். கருவாடு காயவைக்கும் வேலை, வீட்டில் தனி ஆள். அவருக்கு எழுதப் படிக்க வராது. மற்றவர்கள் எழுதுவதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள். எல்லாமே குரல் பதிவுதான். சுரைக்கொடிக்கு மீன் கழுவின தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று ஆரம்பித்தால், நடுவில் கோழி விரட்டுவார், யாரோ போகிறவரிடம் ஐஸ் வந்துவிட்டதா என்று விசாரிப்பார், மறுபடி சுரைக்காய்க்கு வருவார். காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது நான் அதை ஸ்பீக்கரில் போடுவேன். என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டுச் சிரிப்பாள். குழுவில் அவள் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் கோழி எத்தனை என்பது வரை அவளுக்குத் தெரியும்.

இந்த ஊரில் மாடித் தோட்டம் போட்டவனுக்குக் குரங்குதான் முதல் எதிரி. மலையிலிருந்து கும்பலாக இறங்கி, பழுக்கப்போகும் தக்காளியை ஒரு கடி கடித்துவிட்டு எறியும். முழுசாகத் தின்றால்கூட மனசு ஆறும். ஒருநாள் ஆத்திரத்தில் குழுவிலேயே குரங்குகளைத் திட்டி எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, பொன்னேரி பஸ்ஸில் ஓடும் பழைய சகா ஒருவர், பல கை மாறி வந்த ஒரு மூட்டையைக் கொண்டுவந்து சேர்த்தார். உள்ளே பழைய மீன்வலை. 'திருத்தணி கண்டக்டருக்கு' என்று சொல்லிச் சுரைக்காய் அம்மா அனுப்பியது. விரித்துக் கட்டினோம். அன்றிலிருந்து குரங்குகள் வலைக்கு வெளியே உட்கார்ந்து என்னை முறைப்பதோடு சரி. வீடு மூன்று நாள் மீன் வாடை அடித்தது. மலைக்குப் படியேறுகிற பக்தர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் வாசலைப் பார்த்தார்கள்.

இவ்வளவு செய்த அம்மாவை நான் குழுவை விட்டு இறக்கிவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு புயல் வருகிறது என்றார்கள். ஒரு வாரமாக எல்லார் போனிலும் அதே பேச்சு. யாரோ எங்கிருந்தோ அனுப்பும் படங்கள், கடல் ஊருக்குள் வருகிற மாதிரி வீடியோக்கள். எல்லாம் புளுகு. சுரைக்காய் அம்மா அதில் ஒன்றைக் குழுவில் தள்ளிவிட்டார். எச்சரித்தேன். மறுநாள் இன்னொன்று. மறுபடி எச்சரித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு குரல் பதிவு வந்தது. மூன்றரை நிமிஷம். கையில் பூவாளியோடு அதைத் தட்டினேன். காற்று ஒரு மாதிரி அடிக்கிறது, கடல் நன்றாக இல்லை என்று ஆரம்பித்தது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது. நிறுத்திவிட்டு, "மூன்றாம் முறை. செடி மட்டும் என்றால் செடி மட்டும்தான்" என்று எழுதி, அவரை நீக்கிவிட்டேன். உடனே ஏழெட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ரோஜா கைதட்டியது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கள் ராத்திரி புயல் கரையைக் கடந்தது. எங்களுக்குக் கடல் இல்லை, ஆனாலும் மழை கொட்டித் தீர்த்தது. மலைப்பாதையில் மரம் சாய்ந்தது, நந்தியாற்றில் தண்ணீர் புரண்டது, கரண்ட் போயிற்று. என் வலை மட்டும் அசையவில்லை. செவ்வாய் சாயந்திரம் கரண்ட் வந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றியதும், குழுவில் ஒவ்வொருவரும் இருக்கிறீர்களா என்று கேட்டேன். செடி மட்டும் என்கிற சட்டத்தை நானே தளர்த்துகிறேன் என்று அறிவித்துவிட்டுத்தான் கேட்டேன். அவ்வளவு நேர்மை.

பதில்கள் வரத் தொடங்கின. பாகற்காய் நலம், பந்தல் போச்சு. ரோஜா நலம், தொட்டி நாலு காலி. கறிவேப்பிலை நலம், ஆஸ்பத்திரியில் டியூட்டி, இன்னும் வீட்டுக்கே போகவில்லை. கடலூரில் இருந்த வாழை இடுப்பளவு தண்ணீரில் நின்று படம் அனுப்பியது. பதில் தராதவர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களை விட்டு விசாரிக்கச் சொன்னேன். புதினாவின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று மணத்தக்காளி போய்ப் பார்த்துவந்து சொன்னார். முகம் பார்த்திராதவர்கள் ஒருவருக்காக ஒருவர் அவ்வளவு பதறினார்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாரையும் எழுதி ஒவ்வொருவராகக் கோடு போட்டேன். டீக்கடை நிறுத்தத்தில் வண்டி கிளம்புமுன் தலை எண்ணுகிற பழக்கம். புதன் மத்தியானம் கடைசிக் கோடும் விழுந்தது. "எல்லாரும் நலம். ஒருவர்கூட விடுபடவில்லை" என்று எழுதினேன். குழு முழுக்கப் பூங்கொத்தாகக் கொட்டியது.

சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி சோறு போட்டுக்கொண்டே, எல்லாரும் பத்திரமா என்று கேட்டாள். தாளை எடுத்துக் காட்டினேன்.

"சொரக்கா அக்கா இன்னா ஆனாங்க பாவா?"

கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டில் சுரைக்காயே இல்லை. வண்டியில் இருப்பவர்களை எண்ணிவிட்டு எல்லாரும் வந்தாயிற்று என்றிருக்கிறேன். நடுவழியில் நானே இறக்கிவிட்ட ஆளை எந்தக் கணக்கில் எண்ணுவது? குழுவில் ஒருவராவது கேட்டிருக்கக்கூடாதா என்று ஒரு நிமிஷம் எல்லார்மேலும் கோபம் வந்தது. பிறகு, நீக்கியவன் நான், கைதட்டியவர்கள் அவர்கள், யார் கேட்பார்கள் என்று தோன்றியது.

நீக்கிய விஷயத்தை அவளிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. தறி வீட்டுப் பெண் கத்தாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். "அன்னிக்கி பாதில நிறுத்துனியே, அத மொத்தமா போடு. இன்னா சொன்னாங்கன்னு கேப்போம்" என்றாள்.

பதிவு குழுவிலேயே கிடந்தது. போட்டேன். காற்றுச் சத்தம், வழக்கமான கோழி விரட்டல், பக்கத்து வீட்டார் புயலுக்குப் பள்ளிக்கூடத்தில் தங்கக் கிளம்புகிறார்கள் என்கிற பேச்சு. இரண்டு நிமிஷம் இப்படியே போனது. அப்புறம் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"ஐயா, செடி வெசயம்தான் கேக்கறேன், கோச்சிக்காதீங்க. வூட்டு கூரை ஷீட்டு மேல கொடி நல்லா பின்னிகினு கெடக்குது. காய் வேற நெறைய தொங்குது. இத அறுத்து எறக்கிட்டா பாரம் கொறைஞ்சி ஷீட்டு நிக்குமா, இல்ல கொடியே ஷீட்ட புடிச்சிக்குமா? தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க. அதும்படி செஞ்சிட்டு நான் ஸ்கூலுக்கு போயிடறேன். நீங்க சொல்ற வரிக்கும் வூட்லயே இருக்கறேன்."

மனைவி எழுந்து கை கழுவப் போய்விட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாங்கள் சொல்கிறவரைக்கும் வீட்டிலேயே இருக்கிறேன் என்கிறார். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில், கொடி ஏறிய ஷீட்டுக்குக் கீழே, தனியாக. அவர் கேட்டது நூற்றுக்கு நூறு செடிக் கேள்வி. என் சட்டப்படியே பார்த்தாலும் அவர்மேல் தப்பில்லை.

போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. சாயந்திரம் வரை போட்டேன், அதையே சொன்னது. ராத்திரி தூங்கவில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. குப்பத்தின் பெயர் தெரியாது. வலையைக் கொண்டுவந்த சகாவுக்கும் அது யார் வீட்டிலிருந்து கிளம்பியது என்று தெரியாது. யாரிடம் போய் என்னவென்று கேட்பது? பெயர் வேண்டாம் என்ற என் சட்டத்தைப் பற்றி அவ்வளவு நாள் எனக்கு இருந்த கர்வம் அன்று ராத்திரி போய்விட்டது.

வியாழன் விடிந்ததும் மனைவியிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பழக்கப்பட்ட நேரக் காப்பாளர் நான்கைந்து இடத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். பொன்னேரி வரைதான் வண்டி போகிறது, அதற்கு அப்பால் ரோட்டின்மேல் தண்ணீர் என்றார். வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். எங்கே போய் வந்தேன் என்று அவள் கேட்கவில்லை.

"நீ ஒருத்தன் போயி இன்னா தேடுவ? நூறு பேரு கீறாங்க இல்ல. அவங்ககிட்ட சொல்லு. மானம் போனா போவுது, பாவா."

குழுவில் எழுத உட்கார்ந்தேன். விரல் ஓடவில்லை. கடைசியில் நான் யாரையெல்லாம் திட்டுவேனோ, அதே குரல் பதிவைத்தான் நானும் அனுப்பினேன். எல்லாரும் நலம் என்று நான் போட்டது பொய், ஒருவர் விடுபட்டிருக்கிறார், விட்டது நான்தான் என்றேன். அவர் கேட்டதையும் சொன்னேன். முழுசாகக் கேட்காமல் நீக்கியதையும் சொன்னேன்.

முதலில் பாகற்காய் எழுதினார், தானும் அதைக் கேட்கவில்லை, நீளமாக இருந்ததால் விட்டுவிட்டேன் என்று. வாழையும் அப்படியே சொன்னது. கைதட்டிய ரோஜா, "நான் முதல் அஞ்சு செகண்ட் கூட கேக்கல சார்" என்று எழுதி, அடுத்த நிமிஷமே சத்தமில்லாமல் அந்தக் கைதட்டலை எடுத்துவிட்டது. நூறு பேரில் ஒருவரும் முழுசாகக் கேட்கவில்லை. முழுசாகக் கேட்க ஆசைப்பட்ட ஒரே ஆள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி. அவளையும் நான் கேட்கவிடவில்லை.

கறிவேப்பிலை பொன்னேரியில் நர்ஸ். அன்று மத்தியானம் அவருடைய ஆஸ்பத்திரி வண்டி கடலோரத்துப் பள்ளிக்கூட முகாமுக்குப் போகிறதாம். தண்ணீரில் போகும் பெரிய வண்டி. தேடிப் பார்க்கிறேன் என்றார். மற்றவர்கள் தெரிந்த முகாம்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கே நடந்ததைக் கறிவேப்பிலை பிறகு எனக்குச் சொன்னார். முகாமில் முந்நூறு பேருக்கு மேல். அவர் ஒவ்வொரு வகுப்பறையாகப் போய், கூரைமேல் சுரைக்கொடி விட்டிருந்த அம்மா யார் என்று கேட்டிருக்கிறார். கை தூக்கியவர்களை எண்ணி முடியவில்லை. அந்தப் பக்கத்தில் சுரைக்கொடி ஏறாத கூரையே கிடையாதாம். தனியாக இருப்பவர் என்றால் அதிலும் இருபது பேர். கருவாடு என்றால் எல்லாரும். ஒரு பெரியவர், "அம்மா, பேரு சொன்னா தேடிக் குடுப்போம்" என்றாராம். இவர் என்ன சொல்வார்? பெயர் கேட்கக் கூடாது என்று திருத்தணியில் ஒரு மேதாவி சட்டம் போட்டிருக்கிறார் என்றா?

கறிவேப்பிலைக்கு ஒன்று தோன்றியது. சாப்பாட்டுக்கு வரிசையில் வரச் சொல்லிக் கூப்பிட ஒரு மைக் வைத்திருந்தார்கள். அதன் முன்னால் தன் போனைப் பிடித்து அந்தக் குரல் பதிவைப் போட்டுவிட்டார். பள்ளிக்கூடம் முழுக்க அந்த அம்மாவின் காற்றும் கோழியும் கேட்டன. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செடி விஷயம்தான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்கிற இடம் வந்தபோது, சமையல் அடுப்புப் பக்கமிருந்து கரண்டியும் கையுமாக ஒரு அம்மா ஓடிவந்து, "அது நான்தாங்க" என்றாராம்.

எனக்குப் போன் வந்தபோது மணி மூன்று இருக்கும். கறிவேப்பிலை போனை நேராகச் சுரைக்காய் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். ஹலோ என்றேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது.

"ஐயா, திருத்தணி ஐயாவா? உயிரோட கீறீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். ஞாயிறு காலையில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்றும் வரவில்லை. பேசுவதற்கு அழுத்தும் மைக் படத்தையும் காணவில்லை. ஏதோ இங்கிலீஷில் இரண்டு வரி வந்து நின்றது. அவருக்குப் படிக்கத் தெரியாது, படித்துச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இல்லை. நூறு பேர் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போனால் என்ன அர்த்தம்? புயல் தன் ஊருக்கு முன்னால் எங்கள் ஊர்களுக்குப் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். அதனால்தான் சாயந்திரம் வரை கிளம்பாமல் இருந்தாராம். யாராவது ஒருவர் பிழைத்திருந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்று. கடைசியில் பக்கத்து வீட்டார் திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறார்கள். அன்றைக்கே போனும் செத்துவிட்டது. மறுநாள் ராத்திரிக் காற்றில் ஷீட்டும் போயிற்று, கொடியும் போயிற்று. வீட்டில் சுவர்தான் மிச்சம்.

அதைச் சொல்லி முடித்த கையோடு விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பாகற்காய்க்காரருக்கு முதுகு வலி சொன்னாரே, அவர் நன்றாக இருக்கிறாரா? கடலூர் வாழைக்குக் கைக்குழந்தை இருக்கிறதே? ரோஜாவுக்கு மாடிப் படியில் கைப்பிடி கிடையாது என்றாரே, மழையில் வழுக்கவில்லையே? புதினா? மணத்தக்காளி? எனக்குப் பட்டியல்தான் தெரியும். அவருக்கு ஆட்களைத் தெரிந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் நன்றாக இருக்கிறார் நன்றாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் "ஆங், ஆங்" என்று மூச்சு விட்டார்.

மனைவி என் முழங்கையைத் தொட்டாள். இனியும் சொல்லாமல் இருக்க முடியாது.

"அம்மா, யாருக்கும் ஒண்ணும் ஆவல. எல்லாரும் பேசிக்கினுதான் இருந்தோம். நான்தான் உங்கள குரூப்ப வுட்டு எடுத்துட்டேன். நீங்க கேட்டத முழுசா கேக்காமயே எடுத்துட்டேன்."

அடுப்படிச் சத்தமும் குழந்தைகள் சத்தமும் மட்டும் கேட்டன. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"அப்போ யாரும் சாவலியா?" என்றார்.

இல்லை என்றேன்.

"அது போதுங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாலு நாளா உங்க எல்லாருக்காவும் அழுதுகினு இருந்தேன்" என்றார்.